தவறிய தவணையின் ஆயுள்: கடன் அறிக்கை எதுவரை நினைவில் வைத்திருக்கலாம்?

வாங்கிய கடனைக் கட்டத் தவறியவரைப் பற்றிய குறிப்பு அவர் பெயரோடு எத்தனை ஆண்டு ஒட்டியிருக்க வேண்டும்? அமெரிக்கச் சட்டம் 7 ஆண்டு என்கிறது. பிரிட்டனில் 6. ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் 5. சுவீடனில் 3. இந்தியாவிலும் 7 என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் விதியை எடுத்துப் படித்தால் அது சொல்வது வேறு. ஒரே தவறுக்கு நாட்டுக்கு நாடு இத்தனை விதமான ஆயுள் இருப்பதைப் பார்த்தால், அறுதியான விடையை யாரும் இன்னும் கண்டடையவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கல்விக்கடன், கிரெடிட் கார்டு, இருசக்கர வாகனக் கடன், மகளிர் குழுவழி வரும் நுண்கடன் என்று ஏதோ ஒரு கணக்கு இல்லாத குடும்பம் இன்று அரிது. எனவே இதை வங்கியாளர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே வலுவாக நிற்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கடன் அழிவதும் குறிப்பு அழிவதும்

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். கட்டாத கடனுக்கு மூன்று தனித்தனிக் காலக்கணக்குகள் உண்டு. கடன் என்ற பொறுப்பு எதுவரை நிலைக்கும் என்பது ஒன்று. அதற்காக நீதிமன்றத்தில் வழக்குப் போடும் உரிமை எதுவரை என்பது இரண்டாவது. அதைப் பற்றிய பதிவு மூன்றாம் ஆளின் கண்ணில் எதுவரை படும் என்பது மூன்றாவது.

இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி சாதாரணக் கடனை வசூலிக்க வழக்குத் தொடரும் காலம் 3 ஆண்டு. சொத்து அடமானக் கடனுக்கு 12 ஆண்டு. இடையில் கடன்பட்டவர் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காலவரம்பு கடந்துவிட்டால் வழக்குத்தான் செல்லாது, கடன் அழிந்துவிடுவதில்லை. 'மூன்று வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் சிபிலிலும் வராது' என்று பலர் நம்புவது தவறு. வழக்கின் காலவரம்புக்கும் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கைக்கும் இந்தியச் சட்டத்தில் தொடர்பே இல்லை.

பழைய சமுதாயங்கள் கவலைப்பட்டதெல்லாம் முதல் காலக்கணக்கைப் பற்றித்தான். பண்டைய மெசொப்பொத்தேமிய அரசர்கள் அவ்வப்போது ஆணையிட்டுக் குடிமக்களின் கடன்களை ரத்துசெய்தார்கள். விவிலியத்தின் இணைச்சட்ட நூல் ஏழாம் ஆண்டில் கடனை விட்டுவிடச் சொல்கிறது. தரும சாத்திர மரபில் வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருந்தது. அதே மரபுதான் தந்தையின் கடனை மகன்மேல் சுமத்தவும் செய்தது. அந்தப் பொறுப்பை இந்திய நாடாளுமன்றம் முறைப்படி முடிவுக்குக் கொண்டுவந்தது 2005-இல், இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தில்தான். அதுவும் அதற்குப் பிறகு வாங்கும் கடன்களுக்கு மட்டும்.

பதிவின் ஆயுள் என்ற பிரச்சினை, கடன் கொடுத்தவரல்லாத வேறொருவர் அந்தப் பதிவை வைத்து விற்கத் தொடங்கிய பின்பே வந்தது. ஊருக்குள் ஒருவர் ஏமாற்றிவிட்டால் ஊர் பேசும். அவர் திருந்தி வாழ்ந்தால் பேச்சு அடங்கும். ஏட்டில் ஏறிய பதிவு தானாக அடங்குவதில்லை. லூயிஸ் டாப்பன் என்ற வணிகர் 1841-இல் நியூயார்க்கில் தொடங்கிய வணிகத் தகவல் நிறுவனத்தை இந்தத் தொழிலின் தொடக்கங்களில் ஒன்றாகக் கொள்ளலாம்.

அமெரிக்காவில் 7 வந்த வழி

1899-இல் அட்லாண்டாவில் தொடங்கிய ரீடெயில் கிரெடிட் கம்பெனி பிற்காலத்தில் ஈக்விஃபாக்ஸ் என்று பெயர் மாறியது. 1960-களில் இத்தகைய நிறுவனங்களின் கோப்புகளில் கடன் விவரத்தோடு குடிப்பழக்கம், குடும்ப வாழ்க்கை, அக்கம்பக்கத்தார் சொன்ன வம்பு எல்லாம் சேர்ந்திருந்தன. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட வழியில்லாத நிலை. செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் முன்னின்று கொண்டுவந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் 1970-இல் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் 605-ஆம் பிரிவு, கெட்ட செய்திக்கு முதன்முறையாக ஒரு கெடு வைத்தது. வசூலுக்குப் போன கணக்குகளும், வங்கி கைகழுவிய கணக்குகளும் 7 ஆண்டுக்குப் பிறகு அறிக்கையில் வரக்கூடாது. திவாலுக்கு மட்டும் 14 ஆண்டு. அது 1978-இன் திவால் சட்டச் சீர்திருத்தத்தில் 10 ஆகக் குறைந்தது. ஏன் 7, ஏன் 5 அல்ல என்பதற்குச் சட்டத்தின் வாசகத்தில் விளக்கம் ஏதுமில்லை. ஆபத்து எத்தனையாவது ஆண்டில் குறைகிறது என்று கணக்கிட்டு எட்டிய எண் என்பதைவிட, இரு தரப்பும் சகித்துக்கொண்ட எண் என்று கொள்வதே பொருத்தம்.

இன்னொரு விலக்கும் கவனிக்கத்தக்கது. பெருந்தொகைக் கடன், பெருந்தொகை ஆயுள் காப்பீடு, உயர்சம்பள வேலை ஆகியவற்றுக்கான அறிக்கைகளுக்கு அந்தக் கெடு பொருந்தாது. இன்றைய வரம்பு கடனுக்கும் காப்பீட்டுக்கும் 1,50,000 டாலர். சம்பளத்துக்கு 75,000 டாலர். சிறிய தொகைக்கு மறதி, பெரிய தொகைக்கு நினைவு என்ற கொள்கை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஏழாண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது? சட்டத்தின் உண்மையான பலம் இந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது. வங்கி கைகழுவிய கடனை ஒரு வசூல் நிறுவனம் வாங்கும். அது மற்றொன்றுக்கு விற்கும். ஒவ்வொரு கைமாற்றத்தையும் புதிய தவறுபோலப் பதிந்தால் 7 என்பது 12 ஆகும், 15 ஆகும். 1996 திருத்தம் இந்த ஓட்டையை அடைத்தது. தவணை முதலில் தவறத் தொடங்கி 180 நாள் கழிந்த நாளிலிருந்து கணக்கு ஓடும். கடன் எத்தனை கை மாறினாலும் அது மாறாது. காலத்தின் நீளத்தைவிடத் தொடக்க நாள்தான் முக்கியம் என்ற இந்தப் பாடம் இந்தியாவுக்கு மிகவும் தேவை.

மற்ற நாடுகள்

பிரிட்டனில் கணக்கு வாராக்கடன் என்று குறிக்கப்பட்ட நாளிலிருந்து 6 ஆண்டு. பிறகு கட்டினாலும் கட்டாவிட்டாலும் பதிவு விழுந்துவிடும். இங்கிலாந்திலும் வேல்சிலும் வழக்குத் தொடரும் காலவரம்பும் 6 ஆண்டு என்பதால் இரண்டு கணக்குகளும் ஏறத்தாழச் சேர்ந்தே ஓடுகின்றன. ஆஸ்திரேலியாவில் சாதாரணத் தவறுக்கு 5 ஆண்டு, ஏமாற்று நோக்கமுள்ள கடுமையான மீறலுக்கு 7. பிரேசில் 1990-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே 5 ஆண்டு உச்சவரம்பை எழுதிவைத்தது. மலேசியாவின் நெகாரா வங்கி நடத்தும் சிசிரிஸ் அறிக்கை, கடைசி 12 மாதத் தவணை நிலவரத்தை மட்டும் காட்டுகிறது.

ஜெர்மனியில் இந்த விவாதம் நீதிமன்றம் ஏறியது. திவால் நடைமுறை முடிந்து எஞ்சிய கடனிலிருந்து ஒருவர் விடுவிக்கப்பட்டால், அரசின் பொதுப்பதிவேட்டில் அந்தத் தகவல் 6 மாதம்தான் இருக்கும். ஆனால் ஷூஃபா என்ற தனியார் நிறுவனம் அதையே நகலெடுத்து 3 ஆண்டு வைத்திருந்தது. அரசே மறந்துவிட்டதைத் தனியார் நினைவில் வைத்திருக்கலாமா? கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 7-இல் தீர்ப்பளித்தது. கடனிலிருந்து விடுவிப்பதன் நோக்கமே ஒருவர் மீண்டும் பொருளாதார வாழ்வுக்குத் திரும்புவது; பதிவு நீடித்தால் அந்த நோக்கம் கெடுகிறது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தியா: உச்சவரம்பு இல்லாத 7

ரிசர்வ் வங்கி அமைத்த சித்திகி பணிக்குழு 1999-இல் அறிக்கை தந்தது. 2000-இல் சிபில் பிறந்தது. 2005-இல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டு 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உரிமம் பெற்று இயங்குகின்றன.

2006-இன் ஒழுங்குமுறை விதிகள், கடன் தகவலைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. அமெரிக்காவில் 7 என்பது தாண்டக் கூடாத கூரை. இங்கே அது இறங்கக் கூடாத தரை. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். 'ஏழு வருஷத்தில் தானாகப் போய்விடும்' என்று முகவர்கள் முதல் இணையதளங்கள் வரை சொல்லிவருவதற்கு அந்தத் தரைவிதி ஆதாரமாகாது.

அறிக்கையை நெருங்கிப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கணக்கின் கீழும் 36 மாதக் கட்டங்கள் இருக்கும். தவணை சரியாகக் கட்டிய மாதத்தில் 000; தாமதமானால் தாமதித்த நாட்களின் எண்ணிக்கை, 030 அல்லது 090 என்று; வங்கி தகவலே தராத மாதத்தில் மூன்று எக்ஸ். சில வங்கிகள் நாட்கணக்குக்குப் பதிலாக எஸ்டிடி, எஸ்எம்ஏ, எஸ்யுபி, டிபிடி, எல்எஸ்எஸ் என்று கணக்கின் தர வகைப்பாட்டைப் பதியும். 90 நாள் கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடனாகும். புதிய மாதம் சேரச் சேரப் பழைய மாதம் கழன்றுகொள்ளும். ஆகவே 36 மாதத்தில் எல்லாம் மறைந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் கட்டங்களுக்கு மேலே கணக்கின் நிலை என்று ஒரு வரி உண்டு. 'ரிட்டன் ஆஃப்' (வங்கி கைகழுவியது), 'செட்டில்டு' (பேசிக் குறைத்துக் கட்டியது) போன்ற சொற்கள் அங்கேதான் உட்காரும். அவை 36 மாதக் கணக்கோடு சேர்ந்து நகர்வதில்லை. வங்கி அந்தக் கணக்கைத் தொடர்ந்து அறிவித்துக்கொண்டே இருந்தால் கட்டங்களும் புதிது புதிதாக நிரம்பும்.

ஒரு கல்விக்கடனை எடுத்துக்கொள்வோம். 2016-இல் தவணை நின்றது. 2019-இல் வங்கி கணக்கை 'ரைட் ஆஃப்' செய்தது. 2021-இல் கடனை ஒரு சொத்துச் சீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றது. 2024-இல் அந்த மாணவர் வேலைக்குப் போய், பேசி, ஒரு தொகை கட்டிக் கணக்கை 'செட்டில்' செய்தார். 7 ஆண்டை எங்கிருந்து எண்ணுவது? தவணை நின்ற நாளிலிருந்து என்றால் 2023-இலேயே முடிந்துவிட்டது. ரைட் ஆஃப் ஆன நாளிலிருந்து என்றால் 2026. விற்ற நாளிலிருந்து 2028. செட்டில் செய்த நாளிலிருந்து 2031. ஒரே கடனுக்கு நான்கு முடிவு நாள்கள். கடைசிக் கணக்கைப் பின்பற்றினால், முயன்று பணம் கட்டியவரின் பதிவு, எதுவும் செய்யாமல் இருந்தவருடையதைவிட நீண்டு நிற்கும். பிரிட்டன் முறையில் இந்த அநியாயத்துக்கு இடமில்லை. இந்திய முறையில் இதைத் தடுக்கும் வாசகம் இல்லை.

பிழைதிருத்தத்தைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கி உருப்படியான வேலைகளைச் செய்திருக்கிறது. 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் ஒருமுறை என்பதற்குப் பதிலாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் தர வேண்டும் என்றானது. கடனை வாங்கும் சொத்துச் சீரமைப்பு நிறுவனங்களும் தகவல் தர வேண்டும் என்று 2024-இல் ரிசர்வ் வங்கி விதித்தது. இவையெல்லாம் பதிவு சரியாக இருக்க உதவும். சரியான பதிவு எப்போது முடிய வேண்டும் என்ற கேள்வியை இவை தொடவில்லை.

நினைவு நீள வேண்டும் என்போர்

இந்தத் தரப்பின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. யார் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்று பிரித்தறிய முடியாத சந்தையில் நல்ல கடனாளியும் கெட்ட கடனாளியின் வட்டியைச் சேர்த்துக் கட்டுகிறார். சிலருக்கு எந்த வட்டிக்கும் கடன் கிடைக்காமல் போகிறது. 1981-இல் பொருளியலாளர்கள் ஸ்டிக்லிட்சும் வைசும் எழுதிய கட்டுரை இதன் அடித்தளம். வங்கிகள் தகவலைப் பகிர்ந்துகொள்வது இந்த இருட்டைக் குறைக்கிறது என்று பகானோவும் யாப்பெல்லியும் 1993-இல் காட்டினார்கள். தவறினால் எல்லா வங்கிக்கும் தெரிந்துவிடும் என்ற அச்சமே கடனாளியை ஒழுங்காக வைத்திருக்கிறது என்பது பதில்லா, பகானோ இருவரின் வாதம். அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாதவருக்கு நல்ல தவணை வரலாறே சொத்து என்பதும் உண்மை. கந்துவட்டிக்காரரிடம் போகாமல் வங்கிக்குப் போக முடிகிற ஏழைக்கு இந்த அமைப்பு நன்மை செய்திருக்கிறது.

ஆனால் தகவலைப் பகிர வேண்டும் என்பதற்கான வாதம், அதை நெடுங்காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் செல்லுமா? வெர்காமன் 1995-இல் எழுதிய ஆய்வு இங்கே முக்கியம். வரலாறு மிக நீளமானால் ஒவ்வொருவருடைய தரமும் வெளிச்சமாகிவிடும். அதன்பின் ஒரு தவணை கூடுதலாகக் கட்டுவதாலோ தவறுவதாலோ பெரிய மாற்றம் வராது. ஆகவே ஒழுங்காக இருக்கும் தூண்டுதலே மங்கும் என்கிறார் அவர். எந்த நிலையிலும் மீள முடியாது என்று தெரிந்தவருக்கு மீள முயலக் காரணம் இருக்காது.

மறக்கத்தான் வேண்டும் என்போர்

மறதிக்கு ஆதரவான தரப்பு இரண்டு வகை. ஒன்று அறம் சார்ந்தது: தண்டனைக்கு முடிவு வேண்டும். மற்றொன்று பொருளியல் சார்ந்தது: எலுலும் கொட்டார்தியும் தம் ஆய்வில், கடனை மன்னித்தால் மட்டும் போதாது, சில சூழ்நிலைகளில் மறக்கவும் செய்தால்தான் எல்லாருக்கும் நன்மை என்று கோட்பாட்டளவில் காட்டினார்கள். புதிதாகத் தொடங்க வாய்ப்பு கிடைத்தவர் அதைக் காப்பாற்ற உழைப்பார் என்பது அவர்கள் கண்ட வழி.

களச் சான்றுகள் ஒரே குரலில் பேசவில்லை. மஸ்டோ 2004-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் திவால் குறிப்பு 10 ஆண்டு முடிந்து விழுந்தபின் என்ன ஆகிறது என்று பார்த்தது. குறிப்பு விழுந்தவர்களின் கடன் மதிப்பெண்ணான ஸ்கோர் உயர்ந்தது, புதிய கார்டுகள் கிடைத்தன, சில ஆண்டுகளில் அந்தப் புதிய ஸ்கோர் காட்டிய அளவுக்கு அவர்கள் நம்பகமானவர்களாக இல்லை என்று தெரிந்தது. 10 ஆண்டு பழைய செய்திக்கும் முன்னறிவிக்கும் திறன் எஞ்சியிருக்கிறது என்பதே அதன் பொருள். சுவீடனின் தரவை ஆராய்ந்த போஸ், நகமுரா இருவரும் 3 ஆண்டு மறதிக்கு ஆதரவான முடிவுக்கு நெருங்குகிறார்கள்.

சிலி நாட்டு அனுபவம் இந்தத் தரப்புக்கு மிகக் கடினமான சவால். 2012-இல் அங்கே ஒரு சட்டம் சுமார் 28 லட்சம் பேரின் வாராக்கடன் பதிவுகளை ஒரேயடியாக அழித்தது. வயதுவந்தோரில் அது ஐந்தில் ஒரு பங்கு. அதை ஆராய்ந்த லிபர்மேன் முதலானோர் கண்டது: பதிவு அழிந்தவர்களுக்குக் கடன் எளிதானது, ஆனால் அவர்களைப் போலவே தோற்றமளித்த, ஒழுங்காகக் கட்டிவந்த எளியவர்களுக்குக் கடன் கடினமானது, மொத்தக் கடனளவு சற்றுக் குறைந்தது. தவறாதவர் தவறியவரின் பாரத்தைச் சுமந்தார். மறதியின் செலவை யார் தாங்குகிறார் என்று கேட்காமல் மறதியைப் பரிந்துரைப்பது பொறுப்பான செயல் அல்ல.

எனினும் சிலியில் நடந்தது எல்லாருக்கும் ஒரே நாளில் வந்த பொது அழிப்பு. அறிவிக்கப்பட்ட காலக்கெடுவில் ஒவ்வொருவருடைய பதிவும் அதனதன் நாளில் விழுவது வேறு வகை. முன்னதன் விளைவை வைத்துப் பின்னதைத் தீர்ப்பிட முடியாது.

இந்தியாவில் இத்தகைய ஆய்வு அரிதாக இருப்பதற்கும் விதியே காரணமாகலாம். பதிவு விழும் நாள் நிச்சயமாக இருந்தால்தான் அதற்கு முன், அதற்குப் பின் என்று ஒப்பிட முடியும். உச்சவரம்பு இல்லாத அமைப்பு தன்னைத்தானே அளந்துபார்க்கும் வாய்ப்பையும் இழந்துவிடுகிறது.

எத்தனை ஆண்டு அல்ல, யார் கண்ணில்

மூன்றாவது தரப்பு கேள்வியையே மாற்றுகிறது. கடன் கொடுக்கப்போகிறவர் பார்ப்பதில் பெரிய ஆட்சேபம் இல்லை. வேலை கொடுப்பவர் ஏன் பார்க்க வேண்டும்? அமெரிக்காவில் வாஷிங்டன், கலிபோர்னியா, இல்லினாய் உள்ளிட்ட பல மாநிலங்களும் நியூயார்க் நகரமும் இதைக் கட்டுப்படுத்தியுள்ளன. இந்தியாவில் பொதுத்துறை வங்கிகளின் ஆளெடுப்பு அறிவிக்கைகளில் நல்ல கடன் வரலாறு என்பது ஒரு நிபந்தனை. ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் நியமனம் சிபில் அறிக்கை காரணமாக ரத்தானதை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சரியென்று உறுதிசெய்தது. பொதுமக்களின் பணத்தைக் கையாளும் பணிக்கு நிதி ஒழுக்கம் தேவை என்பது அதன் அடிப்படை. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கல்விக்கடனைக் கட்ட வேலை வேண்டும், வேலை கிடைக்கக் கல்விக்கடன் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற சுழலுக்குள் ஒருவரை இந்த நிபந்தனை தள்ளிவிடுகிறது. எத்தனை ஆண்டு பழைய தவறு வரை கணக்கில் எடுக்கலாம் என்ற வரம்பாவது அறிவிக்கையில் இருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு பற்றிய ஆய்வுகளும் முரண்படுகின்றன. சுவீடனில் பதிவு ஓராண்டு கூடுதலாக நீடித்தவர்களின் வேலைவாய்ப்பு ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளி குறைந்தது என்று போஸ், பிரேசா, லிபர்மேன் கண்டார்கள். அமெரிக்காவில் திவால் குறிப்பு விழுந்தவர்களை ஆராய்ந்த டாபி முதலானோர், கடன் பெறுவது கூடியது, வேலைவாய்ப்பில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்றார்கள். சுவீடன் ஆய்வில் இருந்தவர்கள் அடகுக் கடைகளில் கடன் வாங்கும் நிலையில் இருந்தவர்கள். ஆய்ந்த மக்கள் வேறு என்பதால் முடிவும் வேறாகியிருக்கலாம்.

எதற்காக வாங்கிய கடன்?

எல்லாத் தவறும் ஒரே காலம் வாழ வேண்டுமா என்ற கேள்வி அண்மையில்தான் கூர்மையடைந்திருக்கிறது. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்கள், கட்டிமுடித்த மருத்துவக் கடன்களை 2022-இலும், 500 டாலருக்குக் கீழ்ப்பட்டவற்றை 2023-இலும் அறிக்கையிலிருந்து நீக்கின. எல்லா மருத்துவக் கடனையும் நீக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2025 ஜனவரியில் விதி கொண்டுவந்தது. டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அதை ரத்துசெய்தது.

இந்தியாவில் மருத்துவமனை கடன் நிறுவனம் அல்ல என்பதால் அதன் பாக்கி அறிக்கையில் வராது. ஆனால் ஆஞ்சியோ செலவுக்காக எடுத்த தனிநபர் கடன் வரும். அதுவும் கல்யாணத்துக்கோ டிவிக்கோ எடுத்த கடனைப் போலவே வரும். எத்தனை நாள் தாமதம் என்று அறிக்கை சொல்லும், ஏன் தாமதம் என்று சொல்லாது. 2010 அக்டோபரில் ஒருங்கிணைந்த ஆந்திர அரசு நுண்நிதி வசூலைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கான பெண்களின் தவணை ஒரே நேரத்தில் நின்றது. அது அந்தப் பெண்களின் தனிப்பட்ட குணத்தின் அளவீடாக முடியாது. வெள்ளம், கொரோனா முடக்கம் போன்ற காலத் தவறுகளுக்கும் இது பொருந்தும். இதற்கு எதிர்முனையில், கட்ட வசதியிருந்தும் கட்டாதவர் என்ற வகையை ரிசர்வ் வங்கி தனியே வைத்திருக்கிறது. 25 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட பாக்கிக்கு அது பொருந்தும். வேண்டுமென்றே ஏமாற்றியவருக்கும் நோயால் வீழ்ந்தவருக்கும் ஒரே கெடு என்பது பொருந்தாது.

காரணம் பார்த்துக் கெடு வைப்பதற்கும் ஒரு பலவீனம் உண்டு. காரணத்தை யார் சான்றளிப்பது? காரணத்துக்குச் சலுகை உண்டென்றால் எல்லாருமே காரணம் சொல்வார்கள். வங்கிக் கிளை மேலாளரிடம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தால் செல்வாக்கு உள்ளவருக்கே அது பயன்படும் ஆபத்து இருக்கிறது. தொகையை அளவுகோலாகக் கொள்வது இதைவிடப் பாதுகாப்பானது.

எஞ்சி நிற்பவை

சரியான ஆண்டு எண்ணை ஆய்வுகள் சொல்லிவிடவில்லை. இங்கே பார்த்த நாடுகளின் கெடுகள் பெரும்பாலும் 3-க்கும் 7-க்கும் இடையில் நிற்கின்றன என்று மட்டுமே சொல்லலாம். மஸ்டோவையும் சுவீடன் ஆய்வாளர்களையும் ஒருசேர வைத்துப் படிப்பவர் அதற்குமேல் உறுதியாகப் பேச முடியாது. மறதியின் செலவு ஒழுங்காகக் கட்டும் ஏழையின் தலையில் விழாமல் தடுப்பது எப்படி என்பது தீராத கேள்வி. செயலிவழி உடனடிக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பெருகிய பின், 2,000 ரூபாய்க் கடனில் தவறிய 20 வயது இளைஞரும் வீட்டுக்கடனில் தவறியவரும் ஒரே காலம் பதிவில் இருப்பதும் புதிதாக எழுந்த சிக்கல்.

இந்தியாவைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளுக்கு மேலும் ஆய்வு தேவையில்லை என்றே கருதுகிறேன். ஒன்று, 'குறைந்தது' என்று மட்டும் சொல்லும் விதியில் 'அதிகபட்சம்' என்ற வரம்பும் சேர வேண்டும். இரண்டு, தவணை முதலில் நின்ற நாளே தொடக்க நாள், கைமாற்றமோ செட்டில்மென்டோ அதை மாற்றாது என்று எழுதப்பட வேண்டும். இரண்டும் ஒழுங்குமுறை விதியில் சேர்க்கக்கூடியவை. அமெரிக்கா இரண்டாவதைச் செய்ய 26 ஆண்டு எடுத்துக்கொண்டது. நாம் அவ்வளவு காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அதுவரை ஒவ்வொருவரும் நான்கு நிறுவனங்களிடமிருந்தும் ஆண்டுக்கொரு முறை இலவச அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய கணக்கு இருந்தால், தவணை நின்ற நாளும் கணக்கின் நிலையும் சரியாகப் பதியப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். தவறு இருந்தால் எழுத்தில் புகார் கொடுத்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாள் கணக்கு அந்தப் புகாரிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.